முதல் மூண்டு பாட்டும் சேரேல்ல: ஒரு கீபோட், ஒரு சீடி, ஒரு புத்தகம் ஒன்லைனில எடுத்த கதை

இதை நான் நீட்டி எழுதுறதுக்கு ஒரே காரணம், இதே கரைச்சலுக்குள்ள நிக்கிற ஆக்கள் இன்னும் கனபேர் இருப்பினம். சாமான் வந்திட்டுது, பெட்டி நசியேல்ல, பேர் சரி, படம் சரி, எல்லாத்தையும் எடுத்து வச்சு வாசிக்கத் தொடங்கினா ஒண்டோட ஒண்டு ஒட்டுதில்ல, உடன மனசு சொல்லும் பழுதானதைத் தலையில கட்டிப்போட்டான் எண்டு. நாங்களும் அப்பிடித்தான் நினைச்சனாங்கள். கீபோட்டைத் திருப்பி அனுப்பப் பெட்டிக்கு டேப் ஒட்டி முடிச்ச பிறகுதான், எழுபது வயசு தாண்டின ஒரு சங்கீத டீச்சரின்ர காது அதை நிப்பாட்டிச்சு. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுறன். இடைக்கிடை இலக்கங்கள் வரும், அதுகளைத் தாண்டி ஓடாதேங்கோ, இந்தக் கதையே இலக்கங்களிலதான் நிக்குது.

ஆர், என்ன கேட்டவ

திருகோணமலை உவர்மலையில எங்கட ஒழுங்கையில வெளிநாட்டில இருந்து ஏதும் எடுக்கிறதெண்டால் என்னட்டத்தான் வருவினம். என்னட்டக் கார்ட் இருக்கு, பார்சல் எந்த இடத்தில நிக்குது எண்டு பாத்துச் சொல்லுவன், காசைப் பிறகு கையில தருவினம். டீச்சரும் அப்பிடித்தான் ஒரு பின்னேரம் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தவ. பள்ளிக்கூடத்தில முப்பது வருசத்துக்கு மேல கர்நாடக சங்கீதம் படிப்பிச்சு இளைப்பாறினவ, பேரனுக்கு 14 வயசு, அவன் போனில ஜாஸ் கேக்கத் தொடங்கி ஒரு வருசமாகுது.

"தம்பி, இவனுக்கு உது பழக வேணுமாம். எனக்கு அது தெரியாது. ஆனா பழகிறதெண்டால் முறையாப் பழகட்டும். ஒரு வாத்தியம், ஒரு புத்தகம், ஒரு நல்ல பதிவு, மூண்டும் எடுத்துத் தாங்கோ" எண்டு சொல்லி, 65,000 ரூபாயைக் கவரோட மேசையில வச்சவ.

ஜாஸ் எங்கட நாட்டுக்குப் புதுசில்ல எண்டதையும் சொல்லிப்போட்டுப் போறன், அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் டேவ் புரூபெக் 1958 இலயும் டியூக் எலிங்டன் 1963 இலயும் இலங்கைக்கு வந்து வாசிச்சிட்டுப் போனவை. ஆனா திருகோணமலையில ஒரு பெடியன் அதைப் பழக வேணுமெண்டால் கடையில போய் எடுக்க ஒண்டும் இல்ல. மெயின் வீதியில கீபோட் எண்டு கேட்டா கம்ப்யூட்டருக்கோ எண்டு திருப்பிக் கேப்பினம். அதால ஒன்லைன்தான்.

எந்த வாத்தியம்

டீச்சரின்ர முதல் யோசினை ஹார்மோனியம், வீட்டிலயே ஒண்டு இருக்கு. ஆனா ஹார்மோனியத்தில ஒரு கை காத்தடிக்கப் போயிடும், மிச்சம் ஒரு கை. ஜாஸ் பியானோவில இடக்கை ஒண்டு சொல்ல வலக்கை இன்னொண்டு சொல்லும், ரெண்டு கையும் வேணும். பெடியன்ர யோசினை மெலோடிக்கா, வாயால ஊதி வாசிக்கிறது, புத்தகப் பையுக்குள்ளயே போகும், விலையும் கம்மி. அதிலயும் ஒரு கைதான் கட்டையில நிக்கும், மற்றது பிடிச்சுக்கொள்ள வேணும். இன்னொரு சிக்கலும் இருக்கு, 32 கட்டை மெலோடிக்கா நடு சி க்குக் கீழ இருக்கிற எஃப் இலதான் தொடங்கும் (சி, டீ, எஃப் எல்லாம் மேற்கத்தைய சுரங்களின்ர பேர்), அவன் பழக ஆசைப்படுற பாட்டின்ர கோர்ட், அதாவது ஒரே நேரத்தில சேத்து அமத்துற சுரங்கள், அதுக்கும் கீழ இறங்குது. 37 கட்டை எடுத்தாலும் கீழ கூடாது, கூடுற அஞ்சும் மேலதான். இதைத் தெரியாம 37 பெரிசுதானே எண்டு எடுக்கிறவை இருக்கினம்.

கடைசியா 61 கட்டையுள்ள, பற்றறியில ஓடக்கூடிய ஒரு கீபோட் எண்டு முடிவெடுத்தம். பற்றறி கட்டாயம் வேணும் எண்டு டீச்சர் ஒத்தைக்காலில நிண்டவ. 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தை அவ இன்னும் மறக்கேல்ல, நாங்களும் மறக்கேல்ல. 

வெளிநாட்டில இருந்து எடுப்பமோ எண்டு முதல் பாத்தனான். சரிவரேல்ல. கூரியர்காரர் உண்மையான பாரத்தை மட்டும் பாக்கிறேல்ல, பெட்டியின்ர நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீட்டரில பெருக்கி 5000 ஆல பிரிச்சு வாற கிலோவையும் பாப்பினம், ரெண்டில எது கூடவோ அதுக்குத்தான் காசு. கீபோட் 3.3 கிலோதான், ஆனா பெட்டி ஒரு மீட்டர் நீளம், 34 அகலம், 13 உயரம் எண்டு வையுங்கோ, 8.8 கிலோவுக்குக் கணக்கு வரும். அதோட சுங்கத்தில வரி போடுறது சாமான்ர விலைக்கு மட்டும் இல்ல, அனுப்பின கூலியையும் காப்புறுதியையும் சேத்த தொகைக்கு. அப்ப அனுப்புற கூலி கூடக்கூட வரியும் கூடும். இதால நான் இப்ப ஆருக்கும் சொல்லுறது, மெல்லிய சாமான், அதாவது புத்தகம், சீடி, இதுகளை வெளியில இருந்து எடுங்கோ, நீளமான சாமானை நாட்டுக்குள்ள பழசாத் தேடுங்கோ.

கொழும்புப் பக்கம் ஒருத்தர் விளம்பரம் போட்டிருந்தவர், கஸியோடோன், 61 கட்டை, பாவிச்சது, 42,000. படத்தில வடிவான சிவப்பு நிறம். பெடியன் அந்தச் சிவப்பைப் பாத்த உடனயே முடிவெடுத்திட்டான். நானும் போன் எடுத்து எல்லாக் கட்டையும் வேலை செய்யுதோ, ஸ்பீக்கர் இரையுதோ, பற்றறி வைக்கிற இடத்தில துரு இருக்கோ எண்டு எல்லாம் கேட்டனான். கேக்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேக்கேல்ல, மொடல் இலக்கம் என்ன எண்டு.

அவர் நல்ல மனுசன், இரவு பஸ்ஸில பார்சலாப் போட்டு விட்டவர். விடிய அஞ்சரைக்கு பஸ் ஸ்டாண்டில போய் நிண்டம், ரோட்டோரத்தில மான்கள் படுத்துக் கிடக்குது, பெடியன் பெட்டியைக் குழந்தைப் பிள்ளை மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கி ஓட்டோவில வச்சவன்.

புத்தகமும் சீடியும்

புத்தகம் எண்டால் ஜாஸ் பழகிறவை எல்லாரும் சொல்லுறது ரியல் புக், ஜாஸ் பாட்டுகளின்ர சுரமும் கோர்ட்டும் எழுதின தொகுப்பு. அதின்ர பின்கதை சுவையானது. 1970களின்ர நடுவில அமெரிக்காவில பொஸ்டன் நகரத்து பேர்க்லி இசைக் கல்லூரியில இருந்த பெடியள் கையால எழுதி, ஒருத்தரிட்டயும் அனுமதி எடுக்காம அச்சடிச்சு ஒளிச்சு வித்த புத்தகம் அது, ஆக்கியவைக்கு ஒரு சதமும் போகேல்ல. 2004 இலதான் ஹால் லெனார்ட் எண்ட பதிப்பகம் அனுமதி எல்லாம் எடுத்து ஆறாம் பதிப்பு எண்டு சட்டப்படி வெளியிட்டது. அதால இண்டைக்கு அதை நேர்மையாக் காசு குடுத்து வாங்கலாம், அப்பிடித்தான் வாங்கவும் வேணும்.

முந்தி எண்டால் புக் டெப்பொசிட்டரி எண்ட ஒன்லைன் புத்தகக் கடை இருந்தது, அனுப்புற கூலி இல்லாமலே இலங்கைக்குப் புத்தகம் வரும், நான் எத்தினை பேருக்கு அதில எடுத்துக் குடுத்திருப்பன். 2023 சித்திரை 26 ஓட அதை மூடிப்போட்டினம். அதுக்கு முதல் வருசம்தான் டொலர் 200 ரூபாயில இருந்து 360 ஐத் தாண்டினது. ரெண்டும் அடுத்தடுத்து வந்தது எங்கள மாதிரி இடத்தில இருந்து புத்தகம் எடுக்கிற ஆக்களுக்குப் பெரிய அடி, அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கு. இப்ப பழைய புத்தகம் விக்கிற ஆக்களைத் தேடித்தேடி எடுக்க வேண்டியதுதான். ஒருத்தரிட்ட பாதி விலையில இருந்தது. அட்டை அதே அட்டை, பேர் அதே பேர், ஆறாம் பதிப்பு எண்டும் போட்டிருந்தது. எடுத்தன்.

சீடி, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின்ர கைண்ட் ஒஃப் ப்ளூ. பெடியன் கேட்டது அதைத்தான், அதில முதல் பாட்டு சோ வட். 1959 இல நியூயோர்க்கில கொலம்பியா கொம்பனியின்ர 30ஆம் தெரு ஸ்டூடியோவில பதிஞ்சது, முந்தித் தேவாலயமா இருந்த கட்டடம் அது. பழைய சீடிகள் விக்கிற இடத்தில போய்ப் பாத்தா அந்தப் பேரில நூற்றுக்கணக்கில கிடக்கு. நான் செய்தது, விலையை ஏறுவரிசையில போட்டு, தரம் வீ.ஜீ. பிளஸ் எண்டு இருந்ததில மலிவானதை எடுத்தது. வீ.ஜீ. பிளஸ் எண்டால் மெல்லிய கீறல் இருக்கலாம், வாசிக்கிறதில தடங்கல் இருக்காது எண்டு அர்த்தம், தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் எண்டு தனித்தனியாப் போடுவினம், ரெண்டையும் பாக்க வேணும். இதெல்லாம் கவனமாத்தான் பாத்தனான். தட்டு 5 டொலர், அனுப்ப 15 டொலர்.

அனுப்பினவர் 13 எழுத்துள்ள இலக்கம் ஒண்டு தந்தவர், முன்னால ரெண்டு எழுத்து, நடுவில ஒன்பது இலக்கம், கடைசியில அனுப்பின நாட்டின்ர ரெண்டு எழுத்து. இந்த மாதிரி இலக்கம் இருந்தாத்தான் எங்கட தபால் கந்தோர் வரைக்கும் பின்தொடரலாம், உள்ளூருக்குள்ள மட்டும் பாக்கிற இலக்கத்தைத் தந்திட்டு விடுற ஆக்களும் இருக்கினம், காசு கட்டுறதுக்கு முதல் கேட்டுக்கொள்ளுங்கோ. விலையைக் குறைச்சு அன்பளிப்பு எண்டு எழுதி அனுப்பட்டோ எண்டும் சிலர் கேப்பினம், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அது பொய். அதோட பார்சல் துலைஞ்சா எழுதின விலைக்குத்தான் நட்டஈடு கேக்க ஏலும். ஒரே பெட்டிக்குள்ள புத்தகமும் சீடியும் வாறதெண்டால் பட்டியலில தனித்தனி வரியில விலை போடச் சொல்லுங்கோ. புத்தகம், சுரம் எழுதின இசைப் புத்தகம், பதிவு செய்த தட்டு, மூண்டுக்கும் சுங்க அட்டவணையில வேற வேற தலைப்பு, எல்லாத்தையும் கூட்டி ஒரு தொகையா எழுதினா அங்க இருக்கிற ஆள் எதுக்கு எவ்வளவு எண்டு என்னெண்டு பிரிக்கிறது?

புத்தகம் மூண்டு கிழமையில வந்தது, சீடி அஞ்சு கிழமை.

சேரேல்ல

சீடி வந்த அண்டைக்குப் பின்னேரம் டீச்சர் வீட்டில நாங்கள் மூண்டு பேரும். அவவின்ர பழைய சீடி பிளேயரில போட்டம். பேஸ் கிட்டார் இல்ல, நிமிந்து நிக்கிற அந்தப் பெரிய டபுள் பேஸ், அது ஒரு வரி கேக்குது, பியானோ ரெண்டே ரெண்டு கோர்ட்டில பதில் சொல்லுது, திரும்ப பேஸ், திரும்ப ரெண்டு கோர்ட். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டு "வில்லுப்பாட்டில ஆமா போடுற மாதிரி" எண்டவ. கொஞ்ச நேரத்தால திரும்ப, "இது கரகரப்பிரியா எல்லோ தம்பி" எண்டு கேட்டவ.

அது உண்மை. அந்தப் பாட்டு டோரியன் எண்ட சுர வரிசையில நிக்குது, பியானோவில டீ யைச் சட்ஜமா வச்சு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையா வாசிச்சா வாறது அதுதான், எங்கட 22ஆவது மேளகர்த்தா கரகரப்பிரியாவின்ர சுரங்களும் அதேதான். 32 தாளக் கட்டுள்ள அமைப்பு, முதல் 16 டீ யில, அடுத்த 8 அப்பிடியே அரைச் சுரம் மேல தூக்கி, கடைசி 8 திரும்ப டீ யில. அந்தத் தூக்கிற இடம் வரேக்க டீச்சர் கண்ணைத் திறந்திட்டா. "சட்ஜத்தையே எடுத்து மேல வச்சிட்டாங்கள், நாங்கள் இப்பிடிச் செய்யமாட்டம்" எண்டு சொல்லி ஆச்சரியமாச் சிரிச்சவ. அந்த முகத்தைப் பாக்கவே அந்த 20 டொலர் காணும் எண்டு எனக்கு இருந்தது.

பிறகு பெடியன் கீபோட்டைப் போட்டான். புத்தகத்தைத் திறந்து அதில கிடக்கிற கோர்ட்டை வாசிச்சான், சீடியோட சேரேல்ல, கிட்டத்தட்ட ஒரு முழுச் சுரம் தள்ளி நிக்குது. போனில பாத்துப் பழகின மாதிரி வெள்ளைக் கட்டையில வாசிச்சான், இப்ப கிட்ட வந்திட்டுது, ஆனா ஒட்டேல்ல. சீடி ஒரு இழை மேல நிக்குது. அரைச் சுரமும் இல்ல, அதுக்குள்ள ஒரு துண்டு. ரெண்டும் ஒண்டாப் பேசேக்க பல்லுக் கூசுற மாதிரி.

புத்தகத்தோடயும் சேரேல்ல, வெள்ளைக் கட்டையிலயும் சேரேல்ல, அப்ப கீபோட்தான் பழுது. எனக்கு வேற ஒண்டும் தோணேல்ல. இன்னொரு குறையும் ஏற்கனவே இருந்தது, மெல்லமாத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வருது. எல்லாத்தையும் சேத்து, கட்டைக்குக் கீழ உள்ள பலகை உப்புக்காத்து பட்டுப் பழுதாப்போச்சு எண்டு நானே தீர்ப்பு எழுதி, கொழும்பு மனுசனுக்குக் கொஞ்சம் காரமாவே ஒரு மெசேஜும் போட்டிட்டன். அந்த மெசேஜுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டனான், இப்பவும் கவலைதான். அவர் ஒரு சொல்லும் கூடக் கதைக்கேல்ல, சரி தம்பி திருப்பி அனுப்புங்கோ, காசு தாறன் எண்டவர். பெட்டிக்கு டேப்பும் ஒட்டியாச்சு.

காது கண்டுபிடிச்சது

பஸ்ஸுக்குக் குடுக்கப் போற நாள் காலமை டீச்சர் போன் எடுத்தவ. "தம்பி, அனுப்பாதேங்கோ. இரவு முழுக்கச் சீடியைக் கேட்டனான். முதல் மூண்டு பாட்டும்தான் சேரேல்ல. நாலாவதும் அஞ்சாவதும் சேருது."

எனக்கு விளங்கேல்ல. போனன். டேப்பைக் கிழிச்சு வெளியில எடுத்தம். நாலாவது பாட்டு ஓல் ப்ளூஸ், அதைப் போட்டு பெடியன் ஜீ யை அமத்தினான், பூட்டுக்குத் திறப்பு விழுந்த மாதிரி ஒட்டிச்சு. முதலாவது பாட்டுக்குப் போனம், ஒட்டேல்ல. ரெண்டாவது, மூண்டாவது, ஒட்டேல்ல. அஞ்சாவது, ஒட்டுது.

கீபோட் பழுதெண்டால் அஞ்சிலயும் சேராம இருக்க வேணும். அது பாட்டுப் பாத்துச் சுருதி மாத்தாது. சீடி பிளேயரோ எண்டால் அதுவும் இல்ல, கசெட் காலத்தில பெல்ட் தளந்தா சுருதி இறங்கும், சீடியில அப்பிடி நடக்காது, வாசிக்கக் கஷ்டமெண்டால் துள்ளும், நிக்கும், ஆனா சுருதி அசையாது. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்டுதான், தட்டுக்குள்ள எழுதியிருக்கிறதே அப்பிடித்தான்.

தேடிப் பாத்தன், கிடைச்ச விசயம் என்னைக் கொஞ்ச நேரம் வாயடைக்க வச்சிட்டுது. அந்த அஞ்சு பாட்டும் ஒரே நாளில பதிஞ்சதில்ல. முதல் மூண்டும் 1959 மார்ச் 2, மற்ற ரெண்டும் ஏப்ரல் 22. மார்ச் 2 அண்டு ரெண்டு டேப் மெஷின் ஓடியிருக்கு, ஒண்டு பிரதானம், ஒண்டு காவலுக்கு. பிரதான மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடுற மெஷினில பதிஞ்சதைச் சரியான வேகத்தில போட்டா என்ன நடக்கும், எல்லாம் ஒரு இழை வேகமாவும் ஒரு இழை மேல் சுருதியிலயும் கேக்கும். அந்த டேப்பில இருந்துதான் எல்பி அடிச்சவை, அதில இருந்துதான் பிறகு வந்த சீடியும். முப்பது வருசத்துக்கு மேல உலகம் முழுக்க அந்தப் பிழைச் சுருதியிலதான் கேட்டிருக்கு. 1992 இலதான் காவலுக்கு ஓடின மெஷினின்ர டேப்பை எடுத்துச் சரியான சுருதியில வெளியிட்டவை.

நான் எடுத்த சீடியின்ர முதுகில சின்னனா இருக்கு, சி.கே. 40579. அது 1987 இல வந்தது, பிழையான வேகம். 1997 இல வந்ததின்ர இலக்கம் சி.கே. 64935, அது சரியான வேகம். இலக்கம் தெரியேல்ல எண்டால் பாட்டை எண்ணுங்கோ, 1997 பதிப்பில கடைசிப் பாட்டின்ர இன்னொரு வாசிப்பையும் சேத்து ஆறு இருக்கும், பழசில அஞ்சு. அட்டைப்படம் ரெண்டிலயும் அதே மனுசன், அதே ட்ரம்பெட். விலை வித்தியாசம் நான் பாத்த நேரம் ஒரு டொலர்.

எழுபது வயசு தாண்டின டீச்சர், ஜாஸ் எண்ட சொல்லைப் பேரன்ர வாயால கேட்டவ, 1959 இல நியூயோர்க்கில ஒரு மெஷின் மெதுவா ஓடினதை உவர்மலையில ஒரு இரவில காதாலயே பிடிச்சிட்டா. அதைச் சுத்திச் சுத்திச் சொல்ல எனக்கு இன்னும் ஆசையா இருக்கு.

இனிப் புத்தகம். இதுக்குப் பிறகு புத்தகத்தையும் நம்பாம அட்டையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தம். சின்ன எழுத்தில பீ ஃப்ளாட் எண்டு இருக்கு. ரியல் புக் ஒரே புத்தகமா வாறேல்ல, சி பதிப்பு, பீ ஃப்ளாட் பதிப்பு, ஈ ஃப்ளாட் பதிப்பு, பேஸ் க்ளெஃப் பதிப்பு எண்டு தனித்தனியா வரும். ட்ரம்பெட்டும் டெனர் சக்ஸபோனும் சி எண்டு எழுதினதை வாசிச்சா வெளியில பீ ஃப்ளாட்தான் கேக்கும், அதால அந்த ஆக்களுக்கு எல்லாத்தையும் ஒரு முழுச் சுரம் மேல தூக்கி எழுதிக் குடுப்பினம். டீ மைனர் செவன் இருக்க வேண்டிய இடத்தில இந்தப் புத்தகத்தில ஈ மைனர் செவன். மைல்ஸ் டேவிஸ் வாசிச்ச வாத்தியத்தைப் பழகிற ஒரு பிள்ளைக்கு இது சரியான புத்தகம், கீபோட் பழகிறவனுக்கு இல்ல. பதிப்பகத்தின்ர இலக்கம் பாத்தா உடன பிடிபடும், முதலாம் பாகம் சி பதிப்பு 00240221, பீ ஃப்ளாட் 00240224. கடைசி இலக்கம் ஒண்டா நாலா எண்டு பாத்திருந்தா இவ்வளவு கூத்தும் இல்ல.

கீபோட்டாலயே திருத்தினது

பழுது எண்டு பெட்டியில கட்டின சாமான்தான் மற்ற ரெண்டையும் காப்பாத்திச்சு. பங்ஷன் பட்டனை அமத்தி ட்ரான்ஸ்போஸ் எண்ட இடத்துக்குப் போய் ரெண்டு குறைச்சம், இப்ப ஈ யை அமத்தினா டீ கேக்குது, பீ ஃப்ளாட் புத்தகத்தைப் பாத்தே வாசிக்கலாம். பக்கத்தில டியூனிங் எண்டு இன்னொண்டு, 440 இல இருந்து நாலஞ்சு ஹேர்ட்ஸ் மெல்ல மெல்ல ஏத்தினம், டீச்சர் கையைத் தூக்கி "அங்க, நிப்பாட்டு" எண்ட இடத்தில சோ வட்டோட வழுக்கிக்கொண்டு போய் ஒட்டிச்சு. பெடியன் "அம்மம்மா!" எண்டு கத்தினவன். அந்த ரெண்டு கோர்ட்டையும் அவன் பேஸுக்கு மறுமொழியாப் போடப் போட, எனக்கு அந்த அறையில நிக்கேலாமப் போச்சு.

ஆனா புத்தகத்துக்கு இது நிரந்தர மருந்தில்ல. கண் ஈ எண்டு வாசிக்க காது டீ எண்டு கேட்டா, பழகிற பிள்ளைக்கு ரெண்டும் குழம்பும் எண்டு டீச்சர் உறுதியாச் சொன்னவ. சி பதிப்பு ஒண்டு பிறகு எடுத்தம், இதை டவுனில ட்ரம்பெட் பழகிற ஒரு பிள்ளைக்குக் குடுத்தாச்சு.

திருத்தவே ஏலாமப் போனது ஒண்டு. மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம் எண்டது பழுதில்ல, அந்த மொடலே அப்பிடித்தான். எங்கடது சி.டி.-எஸ் 200. அதே உடம்பு, அதே 3.3 கிலோ, அதே கைபிடி, சி.டி.-எஸ் 300 எண்டு இன்னொண்டு இருக்கு, அதில விரலின்ர அழுத்தத்துக்கு ஏத்த மாதிரிச் சத்தம் கூடிக் குறையும், சுரத்தை வளைக்கிற சில்லும் இருக்கு. ரெண்டும் 2019 இல வந்தது. 300 கறுப்பிலதான் வந்தது, 200 கறுப்பு, வெள்ளை, சிவப்பு எண்டு மூண்டு நிறத்தில. அப்ப படத்திலயே பதில் இருந்திருக்கு, சிவப்பெண்டால் 200. அந்தப் பாட்டில பியானோ வாசிச்ச பில் எவன்ஸ் மாதிரி ஒரு மனுசன் அந்த ரெண்டு கோர்ட்டில முதலாவதைக் கொஞ்சம் அழுத்தி ரெண்டாவதை விட்டுப் பிடிக்கிறது இருக்கே, அதை இந்த வாத்தியத்தில ஒரு நாளும் பழகேலாது. இந்த ஒரு விசயத்தில எனக்கு மனசு ஆறேல்ல. கொழும்பு மனுசன் ஒளிக்கேல்ல, நான் கேக்கேல்ல.

அடப்டர் பற்றியும் ஒரு சொல். பெட்டிக்குள்ள ஒரு அடப்டர் வந்தது, நுனி சரியாப் பூருது, பின்னால பாத்தா 12 வோல்ட், ஆரோ வீட்டு ரவுட்டரின்ரது. இந்த கீபோட்டுக்கு வேண்டியது 9.5 வோல்ட். பூருது எண்டதுக்காகக் குத்திப்போடாதேங்கோ. வெளியில வாற வோல்ட், நுனியில எது பிளஸ் எது மைனஸ் எண்டு கீறியிருக்கிற சின்னப் படம், உள்ள போற பக்கத்தில 100 இல இருந்து 240 வரைக்கும் எண்டு இருக்கோ, மூண்டையும் பாக்க வேணும், அமெரிக்காவில இருந்து வாறதில சிலதில 120 மட்டும் இருக்கும், எங்கட 230 இல போட்டா புகைதான். சரியான அடப்டர் வரும் வரைக்கும் ஆறு டபிள் ஏ பற்றறியில ஓட்டினம், நல்ல அல்கலைன் எண்டால் 16 மணித்தியாலம் வரைக்கும் போகும் எண்டு கொம்பனி சொல்லுது, எங்களுக்கு ரெண்டு கிழமை தாராளமா ஓடிச்சு.

இப்ப என்னட்ட ஆரும் சாமான் எடுக்க வந்தா நான் முதல் கேக்கிறது விலையை இல்ல, இலக்கத்தை. விக்கிற ஆளிட்ட சீடியின்ர முதுகு, புத்தகத்தின்ர பின்அட்டை, கீபோட்டின்ர அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், இந்த மூண்டையும் கிட்டப் பிடிச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவன். அனுப்பாத ஆளிட்ட நான் எடுக்கிறேல்ல. பெரிய விற்பனைத் தளங்களில போடுற அட்டைப்படம் கன நேரம் பொதுப் படம்தான், உங்களுக்கு வரப்போற பிரதியின்ர படம் இல்ல. கருத்துக்களும் அப்பிடித்தான், ஒரே பக்கத்தில எல்லாப் பதிப்புக்கும் சேத்துப் போட்டிருப்பினம், 1997 சீடிக்கு ஆரோ எழுதின புகழ்ச்சியை 1987 சீடிக்குக் கீழ வாசிச்சிட்டுத்தான் நான் காசு கட்டினது.

64935 போன மாசம் வந்தது. முதுகைப் பாத்து, பாட்டை எண்ணி, ஆறு இருக்கு எண்டு உறுதிப்படுத்திப்போட்டுத்தான் டீச்சரிட்டக் கொண்டு போனன். பழைய சீடியை எடுத்துக்கொண்டு போய் ஆருக்கும் குடுக்கட்டோ எண்டு கேக்க, வேண்டாம் எண்டவ. கறுப்பு மார்க்கர் எடுத்து, பள்ளிக்கூடத்தில கொப்பி திருத்தின அதே எழுத்தில, பெட்டிக்கு மேல எழுதி அலுமாரியில வச்சவ: "1, 2, 3 க்கு சுருதி கூட்டவும்."